உப்புவெளிக் கடலில் நீந்தும் பிள்ளை உலகப் போட்டிக்குப் போகலாமா?

கேட்டவர் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தகப்பன். மகளுக்கு 15 வயது. விடியற்காலையில் சித்தப்பாவின் வள்ளம் பக்கத்தில் வர, கரையோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் நீந்துகிறாளாம். 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலக நீர்விளையாட்டுப் போட்டியைப் போனில் பார்த்திருக்கிறார். “10 கிலோமீற்றர் கடல் நீச்சல் இருக்கிறதே, எங்கள் பிள்ளையால் முடியாதா? மகன் கோணேசர் மலையடிப் பாறைகளில் ஏறிக் கடலுக்குள் குதிக்கிறான், அவனுக்கும் அந்த டைவிங்கில் இடம் உண்டா?” இதுதான் கேள்வி. இரண்டு தரம் வாசித்தேன். போட்டிக்குப் போகிற வழியைக் கேட்பது போலத் தெரிந்தாலும், அடியில் இருக்கிற கேள்வி வேறு: வீட்டு வாசலில் கடல் இருக்கிறதே, அது போதுமா? மகளுக்குப் பாதி போதும். மகனுக்கு அந்தக் கடலால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம், எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன், கடலிலும் தடாகத்திலும். கடல் நீச்சல் போட்டிகளில் பாதுகாப்பு வள்ளத்தில் நின்றிருக்கிறேன். மேடையில் இருந்து பாய்வதை நான் யாருக்கும் பழக்கியதில்லை. வைத்தியரும் இல்லை. ஆகவே மகளைப் பற்றிச் சொல்வதில் என் அனுபவம் இருக்கிறது, மகனைப் பற்றிச் சொல்வதில் விதியும் கணக்கும் மட்டும்தான் இருக்கின்றன. என் சொந்தக் கணிப்பு வருகிற இடங்களில் கணிப்பு என்றே சொல்வேன்.

இந்தப் போட்டி 1973இல் பெல்கிறேட்டில் தொடங்கியது. அப்போது தடாக நீச்சல், பாய்தல் என்கிற டைவிங், இசையோடு செய்கிற கலை நீச்சல், வாட்டர் போலோ என்று நான்கு மட்டும். கடல், ஆறு, ஏரி போன்ற திறந்த நீரில் நீந்துவது 1991இல் பேர்த்தில் சேர்ந்தது, அதுவும் 25 கிலோமீற்றர் மட்டும். உயரப் பாய்தல் 2013இல் பார்சலோனாவில் வந்தது. ஆக இப்போது ஆறு வகை. நடத்துகிற அமைப்பின் பழைய பெயர் ஃபினா, இன்றைய பெயர் வேர்ல்ட் அக்குவாட்டிக்ஸ். சிங்கப்பூரில் நடந்ததுதான் தென்கிழக்காசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி. அதனால்தான் நேர வித்தியாசம் அதிகம் இல்லாமல் எங்கள் ஆட்கள் பகலிலேயே பார்த்தார்கள், இப்படியான கேள்விகளும் நிறைய வருகின்றன. அடுத்தது 2027இல் புடாபெஸ்ட்டில்.

சரி, மகள். ஒரு மணித்தியாலம் நிற்காமல் நீந்துவது பெரிய விடயம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் நீந்தினாள் என்பதை வைத்து இந்தப் போட்டியில் யாரும் அளப்பதில்லை, எவ்வளவு வேகத்தில் நீந்தினாள் என்றுதான் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் பெண்கள் 10 கிலோமீற்றரை வென்ற அவுஸ்திரேலியாவின் மொயீஷா ஜோன்சன் 2 மணித்தியாலம் 7 நிமிடம் 51 விநாடியில் முடித்தார். ஆண்களில் ஜேர்மனியின் ஃப்ளோரியான் வெல்புறொக் 1 மணி 59 நிமிடம் 55 விநாடி. பிரித்துப் பார்த்தால் பெண்களில் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சராசரி 1 நிமிடம் 17 விநாடி, ஆண்களில் 1 நிமிடம் 12 விநாடி. அதை நூறு தரம், சுவரைத் தொட்டு உந்துகிற வசதி இல்லாமல், அலையில், ஆட்களின் கைகாலுக்குள். இன்னொரு விதியும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவதாக வந்தவர் முடித்த பிறகு ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் 15 நிமிடம் என்ற கணக்கில்தான் மற்றவர்களுக்கு அவகாசம். 10 கிலோமீற்றர் என்றால் 30 நிமிடம். அதற்குள் வராதவரைத் தண்ணீரில் இருந்து எடுத்துவிடலாம். சிங்கப்பூர் நேரத்தை வைத்தால் கடைசிப் பெண்கூட 2 மணி 38 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும், அதாவது 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 நிமிடம் 35 விநாடி.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை கடலில் இல்லை. அளந்த நீளமுள்ள ஒரு தடாகத்துக்கு மகளைக் கூட்டிப்போய் 1500 மீற்றர் நீந்தவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மேலே சொன்ன கடைசி ஆளின் வேகத்தில் நீந்தினால் அது 23 நிமிடம் 45 விநாடி. அதே வேகத்தை 10 கிலோமீற்றர் முழுக்கப் பிடிக்க வேண்டும் என்றால் களைப்பில்லாமல் நீந்தும்போது 1500ஐ 22 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த 22 என் கணிப்பு, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. 28, 30 நிமிடம் வந்தால் மனம் உடையாதீர்கள். 15 வயதுப் பிள்ளைக்கு, ஒழுங்கான தடாகப் பயிற்சி இல்லாத பிள்ளைக்கு, அது நல்ல தொடக்கம். ஆனால் எவ்வளவு தூரம் போக வேண்டி இருக்கிறது என்பது அந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கே விளங்கும்.

கடலிலேயே வளர்ந்த பிள்ளைகள் தடாகத்தில் இறங்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று இருக்கிறது. உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் கால் அடிக்காமலே நீந்தப் பழகியிருப்பார்கள். தடாகத்து நன்னீரில் இடுப்புக்குக் கீழே அப்படியே தாழும். அப்புறம், அலையைப் பார்த்துப் பார்த்து தலையைத் தூக்கியே நீந்துவார்கள், தலை மேலே வர வர இடுப்பு கீழே போகும். கை மட்டும் வேலை செய்யும், பிள்ளை ஒரு கட்டையை இழுப்பது போலத் தன் உடம்பை இழுத்துக்கொண்டு போகும். இதைத் திருத்த ஒரு வருடமாவது பிடிக்கும். தடாகத்தில் மட்டும்தான் திருத்த முடியும், ஏனென்றால் கடலில் எது அலையால் வந்தது, எது பிழையால் வந்தது என்று பயிற்றுநருக்கே பிரித்துத் தெரியாது.

உலகத்தில் முன்னுக்கு நிற்கிற ஆட்களைப் பாருங்கள். வெல்புறொக் 2019 உலகப் போட்டியில் திறந்த நீர் 10 கிலோமீற்றரையும் தடாக 1500 மீற்றரையும் வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 கிலோமீற்றரில் மூன்றாவதாக வந்த இத்தாலியின் கிரெகோரியோ பல்த்ரினியேரி, அதற்கு முந்திய ரியோ ஒலிம்பிக்கில் தடாக 1500 மீற்றர் தங்கம் எடுத்தவர். தடாகத்தில் வேகம் எடுத்துவிட்டுத்தான் கடலுக்கு வருகிறார்கள். இப்போது 25 கிலோமீற்றரை உலகப் போட்டியில் இருந்தே எடுத்துவிட்டார்கள், 2022 புடாபெஸ்ட்தான் கடைசி. சிங்கப்பூரில் புதிதாகச் சேர்த்தது 3 கிலோமீற்றர் வெளியேற்றச் சுற்று: முதலில் 1500, அதில் தேறியவர்களுக்கு 1000, கடைசியில் 500 மீற்றர். திறந்த நீர் நீச்சல் எந்தப் பக்கம் போகிறது என்று இதிலேயே தெரிகிறது.

அப்படியானால் கடல் தந்த பாதி எது? பயமின்மை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். அடி தெரியாத கறுத்த தண்ணீருக்கு மேலே நீந்துவது, உப்பு வாய்க்குள் போனாலும் மூச்சுக் குழம்பாமல் இருப்பது, சொறிமுட்டை சுட்டாலும் கையை உதறிவிட்டுப் போவது, குறுக்கே இழுக்கிற நீரோட்டத்தை உடம்பால் உணர்வது, இவையெல்லாம் தடாகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வருடக்கணக்காகப் பழக்க வேண்டியவை. எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் இறங்கிய நாளிலேயே வந்துவிடுகிறது. ஆனால் உங்கள் மகளுக்கு இன்னும் கிடைக்காத ஒரு கடல் அனுபவம் இருக்கிறது: கூட்டம். அவள் இதுவரை தனியாகத்தான் நீந்தியிருக்கிறாள், பக்கத்தில் ஒரு வள்ளம் மட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடல் நீச்சல் போட்டியில் முதலாவது மிதவைக்குப் பக்கத்தில் வள்ளத்தில் நின்றேன். முன்னுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி நேர்கோட்டில் எல்லோரையும் விட வேகம், எங்கள் கரையில் வளர்ந்தவள். மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஒடுங்கினார்கள். ஒரு கை இவள் தோளுக்கு மேலால் வந்து விழுந்தது, இன்னொரு ஆளின் குதிக்கால் பட்டு நீச்சல் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. அவள் நின்றாள். கண்ணாடியைச் சரிசெய்யவில்லை, மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள், கீழ்த்தாடை நடுங்கிக்கொண்டு இருந்தது. தண்ணீருக்குப் பயந்தவள் இல்லை அவள். தண்ணீரில் மனிதர்கள் தன் மேல் ஏறுவார்கள் என்பதை அவளுக்கு யாரும் பழக்கவில்லை. அவளை அதுவரை பழக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற பிள்ளைகளை ஆறு பேராகச் சேர்த்து ஒரு சிறிய மிதவையைச் சுற்ற விடுகிறேன், ஒருவர் காலை ஒருவர் தொட்டபடி, பத்துத் தரம், இருபது தரம்.

போட்டியில் இதற்கெல்லாம் ஒழுங்கு உண்டு. வேண்டுமென்று இடித்தாலோ இழுத்தாலோ நடுவர் மஞ்சள் கொடி காட்டுவார், மீண்டும் செய்தால் சிவப்பு, அத்தோடு வெளியே. இறங்குவதற்கு முன் நகத்தைப் பார்ப்பார்கள், நீளமாக இருந்தால் அங்கேயே வெட்டச் சொல்வார்கள். இரண்டு மணிக்கட்டிலும் நேரம் பதிகிற சிப் கட்டுவார்கள். முடிவுக் கோட்டில் தண்ணீருக்கு மேலே நிற்கிற பலகையைக் கையால் அடித்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. நடுவழியில் மிதக்கும் மேடையில் இருந்து பயிற்றுநர் ஒரு நீளக் கம்பின் நுனியில் கோப்பை வைத்து நீட்டுவார், பிள்ளை மல்லாந்து ஒரு மிடறு குடித்துவிட்டு வீசிவிட்டுப் போக வேண்டும். அந்தக் கம்பு 5 மீற்றருக்கு மேல் நீளக் கூடாது. இன்னொருவரின் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நீந்துவது தப்பில்லை, அதுதான் கெட்டித்தனம். முன்னால் போகிறவர் தண்ணீரை உடைத்துக் கொடுக்கிறார், பின்னால் வருகிறவருக்குப் பலம் மிச்சம். கடைசி ஆயிரம் மீற்றர் வரை அப்படி ஒளிந்து வந்து பிறகு பாய்ந்து வென்றவர்கள் நிறையப் பேர்.

இனிச் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. குளிரில் நீந்துவதுதான் ஆபத்து என்று ஆட்கள் நினைக்கிறார்கள். எங்கள் கடலில் ஆபத்து மறுபக்கத்தில் இருந்து வருகிறது. விதிப்படி தண்ணீர் 16 பாகை செல்சியஸுக்குக் குறைந்தாலும் 31 பாகைக்குக் கூடினாலும் போட்டி நடத்தக் கூடாது. தொடங்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன், பாதையின் நடுவில், 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் அளப்பார்கள். அந்த மேல் எல்லை வந்ததற்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 2010 ஒக்ரோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீற்றர் போட்டியில் அமெரிக்காவின் ஃபிரான் கிறிப்பன் சூடான தண்ணீரில் நீந்தி முடிவுக் கோட்டுக்கு வரவே இல்லை. 26 வயது, தேர்ந்த வீரர். மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவர் இல்லை என்பதே தெரிந்தது.

எங்கள் கரையிலும் வைகாசியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் கரையோரத் தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கும். அப்படி ஒரு நாள், தொடங்கப் பிந்திவிட்டதால், பத்து மணி வெயிலில் ஒரு பையன் நீந்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் வள்ளத்தில் நான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், சிரித்தான். மறுபடி கேட்டேன், “சேர், இது எந்தக் கரை?” என்றான். முகம் சிவந்திருந்தது, கை போடுகிற தாளம் குழம்பி ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்கியிருந்தான். அந்த இடத்திலேயே தூக்கி வள்ளத்தில் போட்டு, நனைந்த துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டான், இன்றும் நீந்துகிறான். அன்று அவனை இறக்கியது என் பிழை. சூடு ஏறினால் முதலில் போவது புத்தி, அதனால் பிள்ளை தானாக நிறுத்தும் என்று காத்திருக்கவே கூடாது. சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஏதாவது ஒரு கேள்வி, பதில் தெளிவாக வர வேண்டும், ஏழரை மணிக்குப் பிறகு தண்ணீரில் ஆள் இருக்கக் கூடாது. இந்த ஏழரை மணி என் சொந்த விதி.

தண்ணீரின் சுத்தமும் அப்படித்தான். சிங்கப்பூரில் சென்தோசாத் தீவின் பலவான் கடற்கரையில் 10 கிலோமீற்றர் போட்டியை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள், தண்ணீர்ப் பரிசோதனையில் கிருமி அளவு கூடியிருந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அந்த நிலை. இங்கே மழை பெய்தால் கொட்டியாரக்குடாவுக்கு மகாவலி கொண்டுவருகிற செம்மண் தண்ணீரை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் இருந்து வருகிற வாய்க்கால்களும் கடலுக்குத்தான் வருகின்றன. பெரிய மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கடலை விடுங்கள், வாய்க்கால் விழுகிற இடங்களுக்கு எந்த நாளும் போகாதீர்கள். பிள்ளைகளுக்குக் காது சீழ் கட்டுவதும் வயிற்றோட்டமும் எந்தெந்த நாட்களுக்குப் பிறகு வருகின்றன என்று நான் குறித்து வைத்துப் பார்த்திருக்கிறேன். மழைதான் காரணம் என்று வைத்தியர் போல உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, ஆனாலும் மழைக்குப் பிறகு நான் யாரையும் இறக்குவதில்லை.

நீங்கள் கேள்வியில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், அவர் செய்ததைத் தமிழ்ப் பிள்ளை ஏன் மறுபடி செய்யக் கூடாது என்று. அவரை நினைக்காமல் நான் ஒரு நாளும் கடலில் இறங்கியதில்லை. 1954இல் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார், ஏறத்தாழ 27 மணித்தியாலம். 1971இல் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் கடந்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போன இடத்தில் உயிர் விட்டார். இருவழி நீச்சலில் அவருடைய நேரத்தை 2021இல் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முறியடித்தார். இவையெல்லாம் கடலோடு தனி மனிதன் போடுகிற போர். நீரோட்டம் பார்த்து, நல்ல நாள் பார்த்து, தன் கதியில் போகலாம். உலகப் போட்டியில் நாளும் நேரமும் இன்னொருவர் குறிப்பது, கதியை முன்னால் போகிறவர் தீர்மானிப்பது. இரண்டுக்கும் பயிற்சி வேறு, ஆளும் வேறாகலாம். மகளுக்கு எதில் மனம் என்று அவளையே கேளுங்கள். கால்வாய், நீரிணை கடப்பதில் மனம் என்றால் அது குறைந்த இலட்சியம் இல்லை, பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் தொடங்கலாம்.

போட்டிதான் என்றால் அவள் வயதுக்கு 10 கிலோமீற்றர் இப்போது வேண்டாம். உலக இளையோர் திறந்த நீர்ப் போட்டியில் 14, 15 வயதினருக்கு 5 கிலோமீற்றர், 16, 17க்கு 7.5, 18, 19க்குத்தான் 10. டிசம்பர் 31இல் எத்தனை வயது என்பதுதான் கணக்கு. 2022இல் அந்தப் போட்டி சீஷெல்ஸ் தீவில், எங்கள் இந்து சமுத்திரத்திலேயே நடந்தது. பெரியவர்களுக்கான உலகப் போட்டிக்கு யாரும் தனியாக விண்ணப்பிக்க முடியாது. நாட்டின் நீர்விளையாட்டுச் சம்மேளனம்தான் பெயர் கொடுக்கும், 10 கிலோமீற்றருக்கு ஒரு நாட்டில் இருந்து ஆண் இருவர், பெண் இருவர் மட்டும். ஆகவே பிள்ளை முதலில் பாடசாலை அணியிலோ கழகத்திலோ பதிவாகி, மாகாண மட்டத்தில் தடாகத்தில் 800, 1500 மீற்றர் நீந்தி, தேசியப் போட்டியில் பெயர் வர வேண்டும். கல்கிசையில் நடக்கிற இரண்டு மைல் கடல் நீச்சலுக்கு ஒரு தரம் கூட்டிப் போங்கள். அங்கே கூட்டத்துக்குள் நீந்துவது எப்படி என்று ஒரே நாளில் படிப்பாள், மேற்குக் கடலின் அலையும் எங்கள் சித்திரை, ஆனிக் கடல் போல அடங்கியதில்லை. ஆசிய விளையாட்டிலும் 10 கிலோமீற்றர் வந்துவிட்டது, ஹாங்சோவில் 2023இல் முதல் தரம். உலகப் போட்டியை விட அது எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டிய படி என்பது என் எண்ணம்.

காலம் எடுக்கும் என்று சொல்வதற்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். பிரேசிலின் கடலோர நகரமான சல்வடோரில் பிறந்த அனா மார்செலா குன்யா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 16 வயதில் 10 கிலோமீற்றர் நீந்தி ஐந்தாவதாக வந்தார். தங்கம் எடுத்தது டோக்கியோவில், 2021இல், 29 வயதில். இடையில் பதின்மூன்று வருடம். உங்கள் மகளுக்கு இன்று 15. இந்த விளையாட்டில் அவள் பிந்தவில்லை.

இனி மகன். எங்கள் ஊரில் டைவிங் என்றால் நிலாவெளியில் சிலிண்டர் கட்டிக்கொண்டு புறாமலைப் பக்கம் பவளப்பாறை பார்க்கப் போவது. அதற்கு எங்களிடம் பழைய சொல்லே இருக்கிறது, சுழியோடுதல். உலகப் போட்டியில் இருக்கிற டைவிங் அது இல்லை. அது மேடையில் இருந்து பாய்வது, 1 மீற்றர், 3 மீற்றர் துள்ளு பலகைகள், 10 மீற்றர் மேடை. கடலில் நடப்பதும் இல்லை, தடாகத்தில் நடக்கிறது. 10 மீற்றர் மேடைக்குக் கீழே 5 மீற்றர் ஆழம் வைப்பார்கள். காற்றில் இருக்கிற நேரம் ஒன்றரை விநாடி, தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த ஒன்றரை விநாடிக்குள் சுழன்று, முறுக்கி, நிமிர்ந்து, தண்ணீர் தெறிக்காமல் உள்ளே போக வேண்டும். ஏழு நடுவர்கள் புள்ளி போடுவார்கள், கூடிய இரண்டையும் குறைந்த இரண்டையும் நீக்கி, மிஞ்சிய மூன்றையும் கூட்டி, பாய்ச்சலின் கடினத்தால் பெருக்குவார்கள். துணிவுக்கு அங்கே புள்ளி இல்லை. அதைச் செய்கிற பிள்ளைகள் ஆறேழு வயதில் ஜிம்னாஸ்டிக்கில் தொடங்கியவர்கள், தண்ணீரில் இறங்குவதற்கு முன் ட்ராம்போலினிலும் பஞ்சுக் குழியிலும் ஆயிரக்கணக்கான தரம் சுழன்றவர்கள். சீனாவின் சுவான் ஹோங்சான் டோக்கியோவில் 10 மீற்றர் தங்கம் எடுத்தபோது அவருக்கு வயது 14.

மகன் பார்த்தது உயரப் பாய்தலாக இருக்கும். ஆண்களுக்கு 27 மீற்றர், பெண்களுக்கு 20. 27இல் இருந்து விழுந்தால் தண்ணீரைத் தொடும் வேகம் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல். அதனால்தான் அவர்கள் தலையால் போவதில்லை, காலால் இறங்குகிறார்கள், கீழே பாதுகாப்புச் சுழியோடிகள் தண்ணீரிலேயே காத்து நிற்பார்கள். 2017 முதல் உயரப் பாய்தல் நடந்த ஐந்து உலகப் போட்டியிலும் பெண்களில் வென்ற அவுஸ்திரேலியாவின் றியானன் இஃப்லண்ட் சிறு வயதில் ட்ராம்போலின் பழகியவர். பாறையில் இருந்து குதித்துப் பழகி அங்கே வந்தவர் இல்லை.

ஆகவே அவனை அந்தப் பாறைகளில் இருந்து இறக்குங்கள், இன்றைக்கே. மலையடியில் கடல் ஓர் இடத்தில் ஆழம், இரண்டு முழம் தள்ளினால் தண்ணீருக்கு அடியில் பாறை. நேற்று இருந்த மட்டம் அலை வாங்கும்போது இன்று இராது, மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது. கழுத்தெலும்பு ஒடிந்தால் திரும்ப வழி இல்லை. திட்டினால் நீங்கள் பார்க்காத நேரத்தில் குதிப்பான். அவனுக்கு உடம்பைச் சுழற்றுவதில் ஆசை என்றால் பாடசாலையில் ஜிம்னாஸ்டிக் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீருக்கு அடியில் போவதில் ஆசை என்றால் வயது வந்ததும் முறையான சுழியோடிப் பயிற்சி. எங்கள் ஊரில் அதைத் தொழிலாகவே செய்யலாம். அக்காவுக்குப் பக்கத்தில் வள்ளத்தில் இருந்து கம்பில் கோப்பை நீட்டுகிற வேலையையும் இப்போதே கொடுக்கலாம், அதுவும் பழக வேண்டிய வேலை.

மார்கழி வாடை தொடங்கினால் மாசி வரைக்கும் கடலை மறந்துவிட்டுத் தடாகத்தில் கால் அடிக்கப் பழகட்டும். இப்போதைக்கு மூன்று விடயத்தை எழுதி அனுப்புங்கள்: 1500 மீற்றர் நேரம், 25 மீற்றர் தடாகத்தில் ஒரு நீளத்துக்கு அவள் எத்தனை கை போடுகிறாள், பின்னால் வருகிற ஆள் காலைத் தொட்டால் என்ன செய்கிறாள். அதைப் பார்த்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு எங்கே தொடங்கலாம் என்று சொல்வேன்.